விசுவாசமும் வாழ்க்கை இலக்கும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூசை முடிந்து கோயில் வளவில் நிற்கும்போதும், வாலிபர் கூட்டத்திலும், சில நேரம் செத்தவீட்டுப் பந்தலிலும்கூட வந்து விழும் கேள்விகள் இவை. கேட்டவர்களில் கத்தோலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்திய திருச்சபையார், பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும் உண்டு. வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பின்படியே தந்திருக்கிறேன். பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும். ஒத்துவராத இடத்தில் உங்கள் பங்குத்தந்தையோடோ போதகரோடோ கதைத்துப் பாருங்கள்.

கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறவனுக்கு இலக்கு எதற்கு? அது அவிசுவாசம் இல்லையா?

இல்லை. "மனுஷனுடைய இருதயம் அவன் வழியை யோசிக்கும், அவன் நடைகளை உறுதிப்படுத்துகிறவரோ கர்த்தர்" என்று நீதிமொழிகள் 16:9 சொல்லுகிறது. யோசிக்கிற வேலை எங்களுடையது, அதைத் தட்டிக்கழிக்க வசனத்தில் இடமில்லை.

அந்நிய அரசனின் அரண்மனையில் வேலைசெய்த நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் உட்கார்ந்து அழுதார், உபவாசித்தார், ஜெபித்தார். அரசனிடம் வாய் திறக்கும்வரை ஏறத்தாழ நான்கு மாதம் போனது. அந்த நான்கு மாதமும் அவர் சும்மா இருக்கவில்லை என்பது அரசன் கேள்வி கேட்ட உடனேயே தெரிகிறது. எத்தனை காலம் வேண்டும், வழிக்கு எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், மரம் யாரிடம் எடுக்கவேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கையில் பதில் இருந்தது. ஊருக்கு வந்த பிறகும் யாருக்கும் சொல்லாமல் இராத்திரியில் போய் மதிலைச் சுற்றிப் பார்த்தார். ஜெபமும் கணக்கும் அவருக்கு இரண்டு வேலையாகத் தெரியவில்லை.

யாக்கோபு நிருபம் நான்காம் அதிகாரம் கண்டிப்பது வேறு ஆளை. இன்ன பட்டணத்துக்குப் போவோம், ஒரு வருஷம் இருந்து வியாபாரம் செய்வோம், இலாபம் எடுப்போம் என்று நாளையைத் தன் சட்டைப்பையில் வைத்திருப்பதுபோலப் பேசுகிறவனை. அவனிடமும் திட்டம் போடாதே என்று யாக்கோபு சொல்லவில்லை. "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்பதைச் சேர்த்துக்கொள் என்கிறார்.

நாங்கள் போட்ட திட்டம் எல்லாம் 2009 இல் போரோடு போய்விட்டது. திரும்பவும் இலக்கு, திட்டம் என்று கதைப்பது பகிடியாக இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பலர் வலைஞர்மடம், மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நடந்து, பிறகு மெனிக் பாம் அகதிமுகாம் கூடாரத்தில் இருந்து வந்தவர்கள். 'எல்லாம் நன்மைக்கே' என்று அவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அது நன்மையாக இருக்கவில்லை.

ஆனால் வேதத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஒரு கடிதம் இருக்கிறது. எரேமியா 29 ஆம் அதிகாரம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன சனத்துக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. வீடு வாசல் போய், கோயிலைத் தூரத்தில் விட்டு, அந்நிய நாட்டில் இருந்த ஆட்கள். அவர்களுக்குக் கடவுள் வைத்த இலக்குகளைப் பாருங்கள்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் வைத்து அதன் பலனைச் சாப்பிடுங்கள், கலியாணம் கட்டுங்கள், பிள்ளைகளுக்கும் கட்டிவையுங்கள், நீங்கள் குறுகிப்போகாமல் பெருகுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள்.

ஒன்றுகூடப் பெரிய இலக்கு இல்லை. வீடு, கிணற்றடியில் நாலு கத்தரி, ஒரு கலியாணம், ஊருக்கு நன்மை. மீளக்குடியேறிய முதல் வருஷம் தகரக் கொட்டிலுக்குப் பக்கத்தில் முருங்கைத் தடி ஊன்றிய எந்த அம்மாவும் இந்தக் கடிதத்தை வாசிக்காமலே அதன்படி நடந்தவர்தான். பெறுமதியான இலக்கு என்று நான் சொல்ல வருவதும் இதைத்தான்: இருக்கிற இடத்தில், பக்கத்தில் இருக்கிற ஆட்களோடு, நாளைக்கும் வாழப்போகிறவர்களைப்போல ஒரு வேலையைத் தொடங்குவது.

அதே எரேமியா, 32 ஆம் அதிகாரத்தில், இன்னும் ஒன்று செய்கிறார். எருசலேமைப் படை சுற்றி நிற்கிறது, அவரே காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் ஒரு காணித்துண்டை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார்! சாட்சி வைத்து, உறுதி எழுதி, அது நெடுநாள் பழுதாகாமல் இருக்க மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்லுகிறார். ஷெல் விழுகிற இடத்தில் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஓடிய சனத்துக்கு இந்த அதிகாரத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

எங்கள் வீட்டுச் சுவரில் எரேமியா 29:11 தொங்குகிறது. புது வருஷத்தில் வாக்குத்தத்த அட்டையும் எடுத்தேன். அதுவே என் வருஷ இலக்கு என்று எடுக்கலாமா?

"அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம்தானே. நல்ல வசனம், தொங்கட்டும். ஆனால் அதற்கு முதல் வசனத்தையும் ஒருக்கா வாசியுங்கள். 70 வருஷம் நிறைவேறின பின்பு என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தை வாசித்த பெரியவர்களில் கனபேர் ஊர் திரும்புவதைக் கண்ணால் காணவில்லை.

இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன ஒருவரும் அந்தக் காலத்தில் இருந்தார், 28 ஆம் அதிகாரத்தில் வரும் அனனியா. சனத்துக்கு அவருடைய சொல் இனித்திருக்கும். கடவுள் அவரை அனுப்பவில்லை என்று எரேமியா முகத்துக்கு நேரே சொன்னார். இந்த வருஷம் உனக்கு விசா, அடுத்த வருஷம் உனக்கு வீடு என்று மேடையில் பேர் சொல்லி அறிவிப்பவர்களைக் கேட்கும்போது அனனியாவையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அட்டை ஆறுதலுக்கு. இலக்கை நீங்கள் உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும்.

ஒரு இலக்கு பெறுமதியானதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் கேள்வியை இயேசுவே தந்துவிட்டார்: கடவுளிடத்தில் அன்பு, பிறனிடத்தில் அன்பு. நீங்கள் எழுதிய இலக்கு இந்த இரண்டில் ஒன்றையாவது வளர்க்குமா, இல்லை குறைக்குமா?

பிறகு லூக்கா 12 இல் வரும் ஐசுவரியவானின் கதையை எடுங்கள். நல்ல விளைச்சல். களஞ்சியத்தில் இடமில்லை. இடித்துப் பெரிதாகக் கட்டுவேன் என்கிறான். இதில் என்ன பிழை? எங்கள் ஊரிலும் நெல் வைக்க இடமில்லாமல் அறுத்த விலைக்கே வியாபாரியிடம் கொடுத்துவிட்டு அழுகிறோமே, களஞ்சியம் நல்லதுதானே? கதையைத் திரும்ப வாசித்தால், அவன் கதைப்பது முழுக்கத் தன்னோடுதான். என் தானியம், என் களஞ்சியம், என் பொருள், என் ஆத்துமா. அருவி வெட்டினவன் இல்லை, பக்கத்து வயல்காரன் இல்லை, பெண்சாதி பிள்ளைகூட அந்தக் கதையில் இல்லை. உங்கள் இலக்கிலும் உங்களைத் தவிர வேறு ஆள் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். ஒருவரும் இல்லையென்றால் அதைத் திருத்தலாம். பெரும்பாலும் தூக்கியெறியத் தேவையில்லை, ஆட்களைச் சேர்த்தாலே போதும்.

இன்னொன்று நான் எல்லோரிடமும் கேட்பது: இது பாதியில் நின்றுபோனாலும், அதுவரை செய்தது பட்ட பாட்டுக்குத் தகுமா? தாதியாக வரவேண்டும் என்று படித்து இடையில் நின்ற பிள்ளைக்கு, கிழவியின் புண்ணைக் கழுவிக் கட்டத் தெரியும். அது தகும். லொத்தர் விழவேண்டும் என்பதை இலக்காக வைத்தவருக்கு இடையில் ஒன்றும் மிஞ்சாது.

ஏ.எல்., அதாவது உயர்தரப் பரீட்சை, சரிவரவில்லை. பல்கலைக்கழகம் போக இசட் புள்ளி காணாது. கடவுள் கதவை மூடிவிட்டாரா?

ஒரு கதவை மூடியிருக்கலாம். பவுல் பித்தினியா நாட்டுக்குப் போகத் திட்டம் போட்டார், ஆவியானவர் விடவில்லை என்று அப்போஸ்தலர் 16 இல் இருக்கிறது. ஆசியாவிலும் விடவில்லை. இரண்டு பக்கமும் தடைப்பட்டுத் துரோவா துறைமுகத்தில் வந்து நின்றபோதுதான் மக்கெதோனியாவிலிருந்து அழைப்பு வந்தது. அவர் வீட்டில் படுத்திருந்து அந்த அழைப்பைப் பெறவில்லை, வழியில் நின்றுதான் பெற்றார். இதைச் சொல்லிவிட்டு உடனே நடைமுறைக்கு வருவோம்.

உயர்தரம் மூன்று தடவை எடுக்கலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீட்டில் வருகிறவை. அதனால் இன்னொரு தடவை எடுப்பது வீண்வேலை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மூன்றாம் தடவையும் அயல் என்ன சொல்லும் என்பதற்காகவே எடுக்கிறீர்களா என்று உங்களை நீங்களே கேளுங்கள்.

கம்பஸ் இல்லையென்றால் படிப்பு முடிந்தது என்ற நினைப்புத்தான் எங்கள் பிள்ளைகளை அதிகம் அழிக்கிறது. தேசிய தொழிற்தகைமை என்று ஒன்று இருக்கிறது, என்.வி.கியூ. என்றால் எல்லோருக்கும் விளங்கும். நான்காம் மட்டம் முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளி, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கும் பக்கத்திலேயே இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது, 2016 இல் திறந்தது. அந்த வீதியால் பஸ்ஸில் போகும் தாய்மார் பல்கலைக்கழகத்தை மட்டும் பிள்ளைக்குக் காட்டுகிறார்கள். மற்றதையும் காட்டலாம்.

கர்த்தர் தச்சுத் தொழில் செய்தவர். பவுல் கூடாரம் தைத்துச் சாப்பிட்டவர். வெல்டிங் பட்டறையில் நிற்கிற பையனை 'படிக்காதவன்' என்று கோயில் வாங்கில் பின்னால் இருத்துகிற எங்களுக்குத்தான் இந்த வசனங்கள் முதலில் தேவை.

வெளிநாடு போவது பிழையான இலக்கா?

ஆபிரகாம் போனார். ரூத் போனாள். போவதில் பாவம் இல்லை. எரேமியா கடிதத்தை இங்கேயே இருக்கவேண்டும் என்று சொல்லும் கடிதமாக எடுக்கவும் கூடாது, அது எந்த ஊரில் இருந்தாலும் ஒழுங்காக வாழச் சொல்லும் கடிதம்.

ஆனால் 'வெளிநாடு' என்பது இலக்கு இல்லை, அது ஒரு இடம். அங்கே போய் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால் பலர் முழிக்கிறார்கள். காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் கட்டியவர்கள், கட்டுநாயக்கா விமான நிலையம் தாண்டாமலே காசைப் பறிகொடுத்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். படகில் போகிற கதை இன்னும் மோசம். அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு வருஷக்கணக்கில் முடங்கிக் கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

போக யோசிக்கிறவர் மூன்று விஷயத்தைத் துண்டில் எழுதவேண்டும். மொத்தச் செலவும் அது எங்கிருந்து வரும் என்பதும் ஒன்று. அங்கே எந்த வேலையை, எந்தத் தகைமையோடு செய்வேன் என்பது இரண்டு. மூன்றாவது, நான் இல்லாத வருஷங்களில் பிள்ளையைக் கையில் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போவது யார். மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போன தாயின் பிள்ளையை அம்மம்மா வளர்ப்பது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. பழகிவிட்டது என்பதற்காக அது இலேசான விலை ஆகாது.

காசு உழைப்பதை இலக்காக வைக்கலாமா? கடன் எடுத்தாவது முன்னேறக்கூடாதா?

உழைக்கலாம். வறுமையைப் புண்ணியமாக்க வேண்டாம். கடன் விஷயத்தில்தான் கொஞ்சம் நின்று கதைக்கவேண்டும்.

ஒரு கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று லூக்கா 14 இல் இயேசு கேட்கிறார். அத்திவாரம் போட்டுவிட்டு முடிக்கமுடியாமல் நின்றால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்கிறார். எங்கள் வீதிகளில் அந்தக் கோபுரங்கள் நிற்கின்றன. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, கட்டம் கட்டமாகத் தந்தார்கள். தந்த வரைபடத்துக்குள் கட்டினவர்கள் இழுத்துப்பறித்துக் குடிபுகுந்தார்கள். அத்திவாரத்திலேயே ஒரு அறையைக் கூட்டி, முன்னுக்கு ஒரு போர்ட்டிக்கோ இழுத்தவர்கள் நகையை அடகு வைத்து, பிறகு வட்டிக்கு எடுத்து, கடைசியில் யன்னலுக்குச் சீலை கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். சாமான் விலையும் மேசன் கூலியும் ஏறியது உண்மைதான், அவர்களை மட்டும் குற்றம் சொல்லமுடியாது.

இதைவிட நல்ல பாடம் எங்கள் குளத்தில் இருக்கிறது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைக் கூட்டத்தில் தீர்மானிக்கும்போது, உன்னிடம் எத்தனை ஏக்கர் காணி இருக்கிறது என்று முதலில் பார்ப்பதில்லை. இரணைமடுவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். தண்ணீருக்கு ஏற்றபடி பங்கு பிரிக்கிறார்கள். ஆசைக்கு விதைத்தால் கதிர் வரும் நேரம் வாய்க்கால் காய்ந்திருக்கும்.

நுண்கடனைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. கிழமைக்குக் கிழமை கட்டுக்காசு, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். போருக்குப் பிறகு வன்னிப் பெண்கள் இதில் பட்ட பாட்டை எல்லோரும் கண்டோம். கடனில் இருக்கிறவர் வைக்கவேண்டிய முதல் விசுவாச இலக்கு அதை அடைப்பது. 'ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்' என்று ரோமர் 13:8 சொல்வது சபைக்காரருக்குத்தான்.

காணிக்கைக்காகவும் கடன் எடுக்கிறார்கள். அது வேண்டாம். தாய் தகப்பனுக்குக் கொடுக்கவேண்டியதைக் 'கொர்பான்' என்று சொல்லிக் கோயிலுக்குக் கொடுத்தவர்களை மாற்கு 7 இல் இயேசு கண்டித்தார். பிள்ளையின் பால்மாக் காசை எடுத்துக் காணிக்கைத் தட்டில் போடச் சொல்லும் ஊழியக்காரரிடம் அந்த அதிகாரத்தை வாசித்துக்காட்டுங்கள்.

நான் தனியாகக் குடும்பம் பார்க்கிறவள். விடிந்தால் வேலை, இருண்டால் படுக்கை. எனக்கு என்ன இலக்கு?

உங்களைப்போல் ஒரு அம்மாவின் கதை 2 இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தில் வருகிறது. புருஷன் செத்துப்போனார். கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். தீர்க்கதரிசி எலிசா அவளிடம் கேட்கிறார்: வீட்டில் உன்னிடம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை, ஒரு குடம் எண்ணெய் மட்டும் என்கிறாள். அயலவரிடம் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொல்லுகிறார், கொஞ்சமாக வாங்காதே என்கிறார். எண்ணெய் எல்லாப் பாத்திரத்திலும் நிறைந்தது. போய் விற்று, கடனைத் தீர்த்து, மிச்சத்தில் நீயும் பிள்ளைகளும் சீவியுங்கள் என்று அனுப்புகிறார்.

அற்புதம் கடவுளுடையது. ஆனால் வரிசையைப் பாருங்கள்: கையில் இருப்பது, அயலவரின் உதவி, விற்பனை, கடன், பிறகு சாப்பாடு. உங்கள் கையில் இருப்பது பத்துக் கோழியாக இருக்கலாம், தையல் மெசினாக இருக்கலாம், இடியப்பம் அவிக்கும் கைப்பக்குவமாக இருக்கலாம். அங்கிருந்து தொடங்குகிற ஒரு இலக்கு போதும், ஒரே ஒன்று. மாதர் சங்கமோ, பங்கின் சிறு குழுவான அன்பியமோ இருந்தால் அங்கே வெட்கப்படாமல் கேளுங்கள். பாத்திரம் இரவல் வாங்கியது அவளுக்கு வெட்கமாக இருக்கவில்லை.

புருஷனோ பிள்ளையோ காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு இன்னொரு பாரம் இருக்கிறது. மரணச் சான்றிதழ் எடுத்தால் விட்டுக்கொடுத்தமாதிரி, எடுக்காவிட்டால் ஒரு அலுவலும் ஓடாது. அவர்களிடம் போய் 'மறந்துவிட்டு முன்னேறுங்கள்' என்று சபையில் யாரும் சொல்லக்கூடாது. தேடிக்கொண்டே வாழலாம், இரண்டும் விசுவாசத்துக்குள் அடங்கும்.

நீதி கேட்பது, காணி கேட்பது இலக்காகுமா? அது அரசியல் இல்லையா?

மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய், அரசாங்கத்தின் சொந்தக் கணக்குகளை வைத்தே, போரின் கடைசியில் கணக்கில் வராமல்போன 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அது ஒரு மேய்ப்பனின் வேலை. 2017 இல் கேப்பாப்புலவு மக்கள் தங்கள் காணிக்காக இராணுவ முகாம் வாசலில் கொட்டகை போட்டு இருந்ததும் அப்படித்தான். முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள் என்ற வசனத்தில் நீதியும் இருக்கிறது. வெறுப்பு ஏறாமல் அதைச் செய்வதுதான் பாடு.

எங்கள் அயலவர் பெரும்பாலும் சைவர்கள். கிறிஸ்தவ இலக்கு என்றால் சபைக்குள்ளேயே இருக்கவேண்டுமா?

வேண்டாம். பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றபோது அது பாபிலோன், யூதர்களின் ஊர்கூட இல்லை! கமக்காரர் அமைப்பில் பொறுப்பு எடுப்பது, பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்தில் கணக்கை நேர்மையாக எழுதுவது, வாய்க்கால் துப்புரவுக்குச் சொன்ன நேரத்துக்கு மண்வெட்டியோடு போவது எல்லாம் இதில் சேரும்.

கடவுளின் சித்தம் இதுதான் என்று எப்படித் தெரியும்?

வானத்திலிருந்து சத்தம் கேட்கும்வரை காத்திருந்தால் பலருக்கு ஆயுள் முடிந்துவிடும். முன்னோர் சில வழிகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

லொயோலா இஞ்ஞாசியார் 1521 இல் பம்பலோனாச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் காலுடைந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். போர்வீரனாகப் பெயர் எடுப்பதைப் பற்றிக் கனவு காண்பார், அந்த நேரம் இனிக்கும், பிறகு மனம் வறண்டுபோகும். புனிதர்களைப்போல வாழ்வதைப் பற்றி நினைப்பார், நினைத்து முடிந்த பிறகும் சந்தோசம் நிற்கும். இந்த வித்தியாசத்தைக் கவனித்ததில்தான் அவருடைய வாழ்க்கை திரும்பியது. நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு இலக்கைக் கொஞ்ச நாள் மனதில் வைத்திருங்கள். நினைக்கும்போது வரும் துள்ளலை விட்டுவிட்டு, நினைத்து முடிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். மனம் சோர்ந்து இருண்டு கிடக்கும் காலத்தில் முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றவேண்டாம் என்பதும் அவர் தந்த விதி. சோதனை மறுமொழி வந்த கிழமையில் எந்தப் பிள்ளையும் பெரிய முடிவு எடுக்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மெதடிஸ்தர்கள் வருஷத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை வைக்கிறார்கள். ஜோன் வெஸ்லி 1755 இல் தொடங்கியது. என்னை எதற்கு வேண்டுமானாலும் வையும், வேலைக்கு எடுத்தாலும் ஒதுக்கி வைத்தாலும் உமக்காகவே இருக்கட்டும் என்ற கருத்தில் அந்த ஜெபம் போகும். மற்றச் சபைக்காரரும் ஒருமுறை போய் இருந்து கேட்கலாம், நல்ல ஜெபம்.

அதோடு, உங்களை நன்றாகத் தெரிந்த, உங்களுக்கு ஆமாம் போடாத இரண்டு பேரிடம் கேளுங்கள்.

மடுவுக்கு நேர்த்தி வைத்தால் இலக்கு நிறைவேறுமா?

நேர்த்தி பேரம் இல்லை. மடு மாதாவின் சொரூபமே இடம்பெயர்ந்த சொரூபம். ஒல்லாந்தர் கலைத்த காலத்தில், 1670 இல், மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுபோனார்கள். போர் நெருங்கியபோது 2008 ஏப்ரலில் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோய் அந்த ஆகஸ்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அங்கே போய் முழந்தாளில் நிற்கிற சனம் பெரும்பாலும் கேட்பது, தாங்கிப்பிடிக்கப் பலம் தா என்றுதான். அந்த மன்றாட்டோடு போங்கள்.

பிள்ளையின் இலக்கைப் பெற்றோர் தீர்மானிக்கலாமா?

வழி காட்டலாம். வகுப்பில் முதலாம் பிள்ளை என்றால் டொக்டர், குழப்படி என்றால் குருமடம் என்று ஒதுக்கக்கூடாது. அன்னாள் சாமுவேலைக் கடவுளுக்குக் கொடுத்தாள் என்பார்கள். உண்மை, ஆனால் கடவுள் கூப்பிட்டபோது "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று பதில் சொன்னது சாமுவேல்தான், அன்னாள் இல்லை.

சரி, எழுதுவது எப்படி? எங்கிருந்து தொடங்குவது?

ஒரு சீ.ஆர். கொப்பி போதும். இடப்பக்கத்தில் கையில் இருப்பதை எழுதுங்கள்: காணி, தொழில், படிப்பு, உடம்பின் பலம், உதவக்கூடிய ஆட்கள், கிழமையில் உண்மையாகவே ஓய்வாக இருக்கும் மணித்தியாலம், கடன் இருந்தால் அதுவும், வட்டியோடு. இந்தப் பக்கத்தை எழுதத்தான் பலருக்கு மனம் வராது. வலப்பக்கத்தில் இந்தப் போகத்துக்குள் செய்யக்கூடிய ஒன்றோ இரண்டோ. 'நல்ல கிறிஸ்தவனாக வாழ்வேன்' என்று எழுதினால் யாராலும் பார்த்துச் சொல்லமுடியாது. 'தம்பியோடு காணிப் பிரச்சினையைக் கதைத்து முடிப்பேன், வேலி போடுவதற்கு முதல்' என்று எழுதினால் முடிந்ததா இல்லையா என்று ஊருக்கே தெரியும். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்பதும் இலக்குத்தான்.

தவணை எங்கள் கலண்டரிலேயே இருக்கிறது. காலபோக அறுவடை மாசி பங்குனியில் முடியும்போது தவக்காலமும் வந்துவிடும். சிறுபோகம் வெட்டும்போது ஆவணி மடுத் திருவிழா. இந்த இரண்டு தடவையும் கொப்பியைத் திறந்து பாருங்கள். கடற்கரைப் பக்கத்து ஆட்கள் தங்கள் தொழில் ஓயும் மாதத்தைப் பார்த்து வையுங்கள்.

நெகேமியாவின் சனம் மதிலை எப்படிக் கட்டியது என்று மூன்றாம் அதிகாரத்தில் பெயர் பெயராக இருக்கிறது. பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த துண்டைத்தான் கட்டினார்கள். தட்டார் கட்டினார்கள், தைலக்காரர் கட்டினார்கள், ஒருவர் தன் குமாரத்திகளோடு வந்து கட்டினார். 52 நாளில் மதில் எழும்பியது.

உழைத்தும் கைகூடாவிட்டால்?

அதுவும் நடக்கும். 2021 இல் இரசாயன உரத்தைத் திடீரென நிறுத்தினார்கள், ஒழுங்காகத் திட்டம் போட்ட கமக்காரனும் வயலில் நட்டப்பட்டான். அது அவனுடைய விசுவாசக் குறைவு இல்லை. அப்படிச் சொல்லுகிற பிரசங்கத்தை நம்பாதீர்கள்.

பவுல் ஸ்பானியாவுக்குப் போகவேண்டும் என்று ரோமருக்கு எழுதினார். ரோமாபுரிக்கு வந்ததே கைதியாகத்தான். வாடகை வீட்டில் இரண்டு வருஷம் காவலில் இருந்து, வந்தவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தார். யோசேப் வாஸ் முனிவர் 1687 இல் கூலியாளின் கோலத்தில் இலங்கைக்கு வந்தார், கண்டிக்குப் போனபோது ஒற்றர் என்று பிடித்து அடைத்துவிட்டார்கள். மறியலில் இருந்து சிங்களம் படித்தார். 2015 இல் பிரான்சிஸ் பாப்பரசர் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு அன்றே மடுவுக்கும் வந்தார்.

தாவீதுக்கு ஆலயம் கட்ட ஆசை. கடவுள் வேண்டாம் என்றார், மகன் கட்டுவான் என்றார். ஆனால் அந்த விருப்பம் உன் மனதில் இருந்தது நல்ல காரியம்தான் என்று கடவுள் தாவீதுக்குச் சொன்னதை சாலொமோன் ஆலயப் பிரதிஷ்டையன்று நினைவுபடுத்துகிறார். தாவீது அதைக் கேட்டுவிட்டு மூலையில் குந்தவில்லை. மகன் கட்டுவதற்குப் பொன், வெண்கலம், இரும்பு, கேதுரு மரம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துவிட்டுத்தான் போனார்.